மூணு டிகிரிக்குக் கீழே: குளிர்கால பைக்குக்கு ஒரு பாடம்



போன எபிசோட்ல குளிர் வந்தா பேட்டரி ஏன் படுத்துடுதுன்னு பேசினோம், ஞாபகம் இருக்கும். அதுக்கு வந்த மெயில்கள்ல போனைப் பற்றியும் காரைப் பற்றியும் கேட்டவங்களைவிட பைக்கைப் பற்றிக் கேட்டவங்கதான் அதிகம். "சுவிஸ்ல குளிர்காலத்துல பைக் ஓட்ட முடியுமா? என்னென்ன அப்கிரேடு பண்ணணும்?" இதுதான் எல்லார் கேள்வியோட சாரமும். ஆடியோவுல சொன்னா எண்கள் மனசுல நிக்காது. அதனால இந்த வாரக் கடிதம் முழுக்க பைக்தான்.

சுருக்கமான பதில்: ஓட்டலாம். ஆனா குளிர்கால அப்கிரேடு லிஸ்ட்ல எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் எதுவும் வராது. டயர், கை, கண், பேட்டரி, இந்த வரிசையில்தான் செலவு பண்ணணும். இது எல்லாத்துக்கும் மேல, "இன்னைக்கு வேண்டாம்"னு முடிவெடுக்க ஒரு விதி வேணும். அந்த விதி இல்லாம நான் பட்ட பாட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

பாலத்து மேல நடந்தது

மூணு வருஷம் முன்னாடி, நவம்பர் கடைசி. வீடு ஆர்காவ் மாநிலத்துல பாடன் பக்கத்துல, வேலை சூரிச்ல. கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும்: மணிக்கணக்குல பில் போடற ஆளுக்கு, போகாத நாள் சம்பளம் இல்லாத நாள். அன்னைக்கு எட்டரைக்கு ஒரு முக்கியமான மீட்டிங். நான் அரை மணி நேரம் கூடுதலா தூங்கிட்டேன். ரயிலை விட்டாச்சு. பைக் சாவியை எடுத்தேன்.

டேஷ்போர்டு 3 டிகிரி காட்டுச்சு. முதல் நாள் மழை இல்ல, ரோடு காய்ஞ்சுதான் கிடந்தது. லிம்மாட் ஆத்துப் பாலத்துல ஏறும்போது வேகம் 30 கூட இருக்காது. பிரேக் பிடிக்கல, திரும்பல. லேசா ஆக்சிலரேட்டர் கொடுத்தேன், அவ்வளவுதான். யாரோ காலை வாரி விட்ட மாதிரி பின்சக்கரம் பக்கவாட்டுல போயிடுச்சு. ஆத்துல இருந்து எழும்பின மூடுபனி பாலத்துத் தார் மேல படிஞ்சு உறைஞ்சிருந்தது. மேல நின்னு பார்த்தாகூட வெறும் கறுப்புத் தார்தான் தெரியும்.

பைக்குக்கு ஒரு இண்டிகேட்டரும் கிளட்ச் லீவரும் போச்சு. எனக்கு இடது மணிக்கட்டுல ஒரு சின்ன எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. கீபோர்டை நம்பிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கை போனா பாதி சம்பாத்தியம் போன மாதிரி.

கட்டோட தமிழ்க் கடைக்குப் போனப்ப அங்க ஒரு யாழ்ப்பாணத்து அண்ணாவைப் பார்த்தேன். இருபது வருஷமா விடியற்காலையில ஸ்கூட்டர்ல பேப்பர் போடறவர். விஷயத்தைக் கேட்டுட்டுச் சொன்னார்: "தம்பி, ரோட்டு காய்ஞ்சு கிடக்கெண்டு நம்பாதேங்கோ. ரோட்டுக்குக் கீழ மண் இருக்கு, அதில கொஞ்சம் சூடு நிக்கும். பாலத்துக்குக் கீழ காத்துத்தானே இருக்கு."

இயற்பியல் பாடம் இரண்டு வரியில முடிஞ்சது. பாலம் மேலயும் கீழயும் ஒரே நேரத்துல குளிரும். அதனால சாதாரண ரோட்டுக்கு முன்னாடியே உறையும். டேஷ்போர்டு காட்டறது காற்றோட வெப்பம். தரையோட வெப்பம் அதைவிட சில டிகிரி குறைவா இருக்கலாம். பல வண்டிகள் 3 டிகிரியிலேயே பனித்துளி சின்னத்தைக் காட்டி எச்சரிக்கிறது இதனாலதான்.

போஸ்ட்காரங்க என்ன பண்ணினாங்க?

குளிர், பனி எதுவானாலும் தினமும் வண்டி எடுத்தே ஆகணும்ங்கிற கூட்டம் ஒண்ணு இங்க இருக்கு: சுவிஸ் போஸ்ட். தெருவுல மஞ்சள் கலர்ல மூணு சக்கர எலக்ட்ரிக் வண்டி போறதைப் பார்த்திருப்பீங்க. சூரிச் மாநிலத்துல ஃபிரையன்ஸ்டைன்ங்கிற ஊர்ல இருக்கிற கீபுர்ட்ஸ் கம்பெனி செய்யற வண்டி அது. முன்ன பெட்ரோல் மொபெட்ல போனவங்க இப்ப அதுலதான் கடிதம் கொண்டு வர்றாங்க.

அந்த வண்டியோட உச்ச வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். மூணு சக்கரம், வழுக்கினாலும் சுலபமா சாயாது. வருஷம் முழுக்க ஓடற வண்டிக்கு அவங்க தேர்ந்தெடுத்தது கூடுதல் வேகத்தை இல்ல, கூடுதலா ஒரு சக்கரத்தை. நமக்கு இரண்டு சக்கரம்தான். அப்ப அந்த இரண்டுலயும் கிடைக்கிற பிடிமானத்தை எப்படிக் காப்பாத்தறதுங்கிறதுதான் நம்ம பாடம்.

1. டயர்

ரப்பர் குளிர்ல இறுகும். கோடைக்குச் செஞ்ச டயர், குறிப்பா ஸ்போர்ட்ஸ் டயர், 7 டிகிரிக்குக் கீழே போகப் போக பிடியை இழக்கும். ஸ்கூட்டருக்கும் சில அட்வெஞ்சர் பைக் அளவுகளுக்கும் குளிர்கால டயர் கிடைக்குது. ஹைடனாவ், அன்லாஸ் மாதிரி கம்பெனிகள் செய்யறாங்க. உங்க அளவுல கிடைக்கலேன்னா, மழைக்கு நல்லதுன்னு பேர் வாங்கின டூரிங் டயர் போடுங்க. ஆனா ஒண்ணு: எந்த டயரும் பனிக்கட்டி மேல உங்களைக் காப்பாத்தாது.

சுவிஸ்ல குளிர்கால டயர் போட்டே ஆகணும்னு பொதுவான சட்டம் இல்ல. ஆனா வண்டி எப்பவும் ஓட்டுறவர் கட்டுப்பாட்டுல இருக்கணும்னு சட்டம் இருக்கு. பொருந்தாத டயரோட போய் விபத்து ஆனா, இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைத் திரும்பக் கேட்கலாம். டயர் பள்ளத்தோட ஆழம் சட்டப்படி குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர். குளிர்காலத்துல நான் 4-க்குக் கீழே போனா மாத்திடுவேன்.

இப்ப காற்றழுத்தம். பள்ளிக்கூடத்துல படிச்ச வாயு விதிதான். 20 டிகிரி இருக்கிற கராஜ்ல 2.2 பார் அடிச்சீங்கன்னு வைங்க. வெளிக் காற்றோட 1 பாரைச் சேர்த்தா உள்ளே 3.2. காலையில வெளியே மைனஸ் 5. கெல்வின்ல 293-ல இருந்து 268. 3.2-ஐ 268-ஆல பெருக்கி 293-ஆல வகுத்தா 2.93, அதுல 1-ஐக் கழிச்சா 1.93 பார். டயர்ல ஓட்டையே இல்லாம கால் பார் காணாமப் போச்சு! 10 டிகிரிக்கு 0.1 பார்னு தோராயமா ஞாபகம் வச்சுக்கலாம். அதனால அழுத்தத்தை வெளியில, வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, குளிர்ந்த டயர்ல பாருங்க. "குளிர்ல காற்றைக் குறைச்சா பிடி கிடைக்கும்"னு சொல்றவங்களை நம்ப வேண்டாம்; மேனுவல்ல இருக்கிற அளவே போதும்.

2. கை

விரல் மரத்துப்போனா பிரேக்கை எவ்வளவு அழுத்தறோம்னு தெரியாது. அதனால கை சூடு சொகுசு விஷயம் இல்ல, பிரேக் சிஸ்டத்தோட ஒரு பாகம்.

காற்றுக் குளிர் கணக்குப்படி, 5 டிகிரியில 80 கிலோமீட்டர் வேகத்துல போனா, மூடாத தோலுக்கு அது மைனஸ் 3 மாதிரி. 0 டிகிரின்னா மைனஸ் 10 மாதிரி. அதனால முதல் செலவு சூடு பண்றதுக்கு வேண்டாம், காற்றை மறைக்கிறதுக்குப் பண்ணுங்க. ஹேண்ட்கார்டு போடுங்க. பார்க்க அழகா இருக்காதுன்னாலும், கைப்பிடியை மொத்தமா மூடற உறை அதைவிட நல்லது. பேப்பர் போடற அண்ணா ஸ்கூட்டர்ல அதுதான் இருக்கு.

அடுத்தது ஹீட்டட் கிரிப். முழுச் சூட்டுல இது சுமார் 35 முதல் 40 வாட் எடுக்கும். இங்கதான் நம்ம ஆட்கள் தப்பு பண்றாங்க. கிரிப், ஹீட்டட் ஜாக்கெட், கூடுதல் லைட், போன் சார்ஜர்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல மாட்டிடறாங்க. சர்வர் ரேக்ல பவர் பட்ஜெட் போடுவோமே, அதே மாதிரி இதுக்கும் போடணும். உதாரணத்துக்கு ஆல்டர்னேட்டர் 250 வாட் தருது, எஞ்சினுக்கும் ஹெட்லைட்டுக்கும் ஃபியூல் பம்புக்கும் 150 போகுதுன்னா, மிச்சம் 100. கிரிப்புக்கு 40 போனா 60 தான் கையில. ஜாக்கெட்டையும் லைட்டையும் சேர்த்துப் போட்டா கடன்ல ஓடற குடும்பம் மாதிரி பேட்டரியில இருந்து எடுக்க ஆரம்பிக்கும். சிக்னல்ல நிக்கும்போது ஆல்டர்னேட்டர் தர்றதே இன்னும் குறைவு. உங்க வண்டியோட எண்ணை மேனுவல்ல பாருங்க.

வயரிங்ல மூணு விஷயம்: ரிலே வழியா இணைப்பு, தனி ஃபியூஸ், சாவி திறந்தா மட்டும் கரன்ட். சாவியை எடுத்த பிறகும் கிரிப் சூடா இருந்தா, சாயங்காலம் பேட்டரி காலி.

3. கண்

டிசம்பர்ல சூரிச்ல சூரியன் எட்டு மணி வாக்குலதான் உதிக்கும், நாலரை மணி வாக்குல மறைஞ்சிடும். அதாவது ஆபீஸ் போறதும் வர்றதும் இருட்டுலதான். மூச்சுவிட்டா வைசர்ல ஆவி படியும். பின்லாக்னு ஒரு இரண்டாவது கண்ணாடிப் படலம் உள்பக்கம் ஒட்டற மாதிரி வருது. பல ஹெல்மெட்டுக்குப் பொருந்தும். இந்த லிஸ்ட்லேயே விலை குறைஞ்சு பலன் அதிகம் தர்றது இதுதான். கறுப்பு ஜாக்கெட் போடறவங்க மேல ஒரு மஞ்சள் வெஸ்ட் போட்டுக்கோங்க. கௌரவம் குறையாது.

4. பேட்டரி

எடை குறையும்னு லித்தியத்துக்கு மாறினவங்க கவனிங்க. பைக்ல வர்ற லித்தியம் பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட் வகை. கடும் குளிர்ல முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது திணறும். பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாம, சாவியைத் திறந்து ஹெட்லைட்டை ஒண்ணு ரெண்டு நிமிஷம் எரிய விடுங்க. கரன்ட் ஓடினா உள்ளே சூடாகும், அப்புறம் ஸ்டார்ட் ஆகும். முக்கியமா, 0 டிகிரிக்குக் கீழே சார்ஜரைப் போடாதீங்க. போன எபிசோட்ல சொன்ன அதே காரணம்: அயனிகள் கிராஃபைட்டுக்குள்ள போக முடியாம மேல உலோகமாப் படியும். அந்தச் சேதம் திரும்பாது.

பழைய ஈய அமில பேட்டரிக்குக் குளிர்ல திறன் குறையும், ஆனா முழு சார்ஜ்ல இருந்தா உறையாது. காலியா விட்டாத்தான் ஆபத்து. மைனஸ் 10 வாக்குலயே உள்ளே உறைஞ்சு உடையலாம். வண்டி ஒரு ராத்திரி நின்ன பிறகு மீட்டர்ல 12.7 வோல்ட் வந்தா முழு சார்ஜ். 12.4-க்குக் கீழேன்னா சார்ஜ் போடுங்க. எஞ்சின் ஓடும்போது 13.5-க்கும் 14.5-க்கும் நடுவுல இருக்கணும். அபார்ட்மென்ட் கராஜ்ல பிளக் பாயின்ட் இல்லேன்னா பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வாங்க. கழற்றும்போது முதல்ல மைனஸ், மாட்டும்போது கடைசியா மைனஸ்.

5. உப்பு

இங்க ரோட்டுல உப்பு போடறாங்க. பனியை உருக்கறது நல்லதுதான், ஆனா செயின், ஸ்போக், பிரேக் காலிப்பர், வயர் இணைப்பு எல்லாத்தையும் தின்னுடும். ஒவ்வொரு உப்பு ரைடுக்கு அப்புறமும் பச்சைத் தண்ணியில கழுவுங்க. வெந்நீர்ல உப்பு அரிக்கிற வேகம் கூடும். பிரஷர் வாஷரை பேரிங் மேலயும் செயின் மேலயும் நேரா அடிக்காதீங்க. கிரீஸ் வெளியே வரும், தண்ணி உள்ளே போகும். வீட்டு வாசல்ல கழுவறதுக்கு நிலத்தடி நீர் காரணமா பல ஊர்கள்ல அனுமதி இல்ல, வாஷ் பாக்ஸுக்குத்தான் போகணும்.

கழுவி முடிச்சு மெதுவா ஓட்டி, பிரேக்கை இரண்டு மூணு தடவை லேசாப் பிடிச்சு உலர்த்துங்க. செயின் சூடா இருக்கும்போதே லூப் அடிங்க. ரைடுக்குப் போறதுக்கு முன்னாடி அடிச்சா பாதி சக்கரத்துலதான் இருக்கும். உலோகப் பாகங்களுக்கு ஏசிஎஃப்-50 மாதிரி அரிப்புத் தடுப்பு ஸ்பிரே நல்லது. டிஸ்க், டயர் பக்கம் மட்டும் அது போகவே கூடாது.

6. பேப்பர்

ஊர்ல சைலன்சரை மாத்திட்டு மறுநாளே ஓட்டின பழக்கம் இங்க செல்லாது. வண்டியில மாற்றம் பண்ணினா ஸ்ட்ராசன்ஃபெர்கேர்ஸ்அம்ட்னு சொல்ற மாநிலப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும், மறுபரிசோதனை ஆகணும்னு விதி இருக்கு. வேற அளவு டயர், எக்ஸாஸ்ட், ஹேண்டில்பார் வாங்கறதுக்கு முன்னாடியே உங்க மாடலுக்கு அங்கீகாரச் சான்று இருக்கான்னு கடையில கேளுங்க. சந்தேகம்னா அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்க.

இன்னொரு வழியும் இருக்கு. குளிர்காலத்துக்கு நம்பர் பிளேட்டைக் கழற்றி அதே அலுவலகத்துல ஒப்படைச்சு வைக்கலாம். அந்த மாதங்களுக்கு வரியும் இன்சூரன்ஸும் நிற்கும். பிளேட் இல்லாத வண்டியைப் பொது ரோட்டுலயோ பொதுப் பார்க்கிங்லயோ விடக்கூடாது, தனி இடம் வேணும். எப்படியும் ஃபுர்கா, கிரிம்சல், சுஸ்டன், கோட்டார்டு கணவாய்கள் பனிக்காலத்துல மூடித்தான் இருக்கும், பெரும்பாலும் மே, ஜூன்லதான் திறக்கும். நிறுத்தறதுக்கு முன்னாடி ஆயில் மாத்தி, டேங்கை நிரப்பி, பேட்டரியைக் கழற்றிடுங்க.

7. ஓட்டும்போது

பிடிமானத்தை ஒரு பர்ஸ் காசுன்னு நினைச்சுக்கோங்க. பிரேக், திருப்பம், ஆக்சிலரேட்டர் எல்லாத்துக்கும் அதே பர்ஸ்லதான் எடுக்கணும். குளிர்ல பர்ஸே சின்னது. அதனால ஒரு நேரத்துல ஒரே வேலை: நேரா இருக்கும்போது பிரேக், அதை விட்ட பிறகு திருப்பம், நிமிர்ந்த பிறகு ஆக்சிலரேட்டர். முன்னாடி போற வண்டிக்கு இடைவெளியை இரண்டு மடங்காக்குங்க. டிராம் தண்டவாளத்தை முடிஞ்சவரை குறுக்கா, நேரா கடங்க. பாலம், காட்டு நிழல், ஆத்தோர மூடுபனி, வெள்ளைக் கோடு, இந்த நாலும் வந்தா கை அசையக் கூடாது. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்காமப் பார்த்துக்கும், இல்லாத பிடியை உண்டாக்காது.

கடைசி அப்கிரேடு

இப்ப அந்த விதி. ராத்திரி ஒன்பது மணிக்கு மூணு கேள்வி கேட்பேன்.

ஒண்ணு: காலையில குறைஞ்சபட்ச வெப்பம் 3 டிகிரிக்குக் கீழேயா? மீட்டியோசுவிஸ் ஆப்ல பார்த்துக்குவேன்.
இரண்டு: மழை, பனி, மூடுபனி ஏதாவது இருக்கா?
மூணு: குறிப்பிட்ட நேரத்துக்கு நான் அங்க இருந்தே ஆகணுமா?

இரண்டுக்கு "ஆமா"ன்னா ரயில். பைக் சாவி அலமாரிக்குள்ள போயிடும், காலையில மறுபரிசீலனை கிடையாது. பனிக்கட்டி எச்சரிக்கை இருந்தா கேள்வியே வேண்டாம், ரயில்தான்.

மூணாவது கேள்வி எதுக்குன்னு சிலர் கேட்டாங்க. அன்னைக்குப் பாலத்துல என்னை விழ வச்சது பனி மட்டும் இல்ல, எட்டரை மணியும்தான். நேரம் இருந்திருந்தா பாலத்துக்கு முன்னாடி மூடுபனியைப் பார்த்து நின்னிருப்பேன். அவசரத்துல இருக்கிற ஆள் தான் பார்க்க விரும்பறதைத்தான் பார்ப்பான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷன்ல கை வைக்காதேன்னு நாம ஒருத்தருக்கொருத்தர் சொல்றதும் இதே காரணத்துக்குத்தான்.

கான்ட்ராக்டர்களுக்கு ஒரு வார்த்தை. பேரோல் கம்பெனி வழியாவோ சொந்த கம்பெனியில ஊழியராவோ வாரத்துக்குக் குறைஞ்சது 8 மணி நேரம் வேலை பார்த்தா, வேலைக்கு வெளியே நடக்கிற விபத்துக்கும் காப்பீடு உண்டு. விபத்து நடந்த நாளுக்கு அப்புறம் மூணாவது நாள்ல இருந்து சம்பளத்துல 80 சதவீதம் வரும். தனிநபரா சுயதொழில் பண்றவங்களுக்கு இது தானா வராது, நீங்களேதான் எடுக்கணும். உங்க காகிதத்தை இந்த வாரமே ஒருமுறை எடுத்துப் பாருங்க. போன மீட்டிங்கை இன்னொரு நாள் வச்சுக்கலாம். அன்னைக்கு நான் போகாம அவங்க வச்சுக்கவும் செஞ்சாங்க, ஒண்ணும் குடி முழுகல. என் மணிக்கட்டு மட்டும் இன்னும் குளிர் வந்தா வலிக்குது.

ஊர்ல இருந்து படிக்கிறவங்க, இது நமக்கு இல்லன்னு விட்டுடாதீங்க. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில ஊட்டியில தலைகுந்தா பக்கம் புல் வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். மேட்டுப்பாளையத்துல இருந்து ராத்திரியோட ராத்திரியா ஏறுறவங்களுக்கு விரல் மரத்துப்போறதும் காற்றழுத்தம் குறையறதும் இதே கணக்குதான்.

உங்க பைக்ல ஆல்டர்னேட்டர் எத்தனை வாட், அதுல என்னென்ன மாட்டியிருக்கீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல இரண்டு மூணு பேரோட பவர் பட்ஜெட்டை எடுத்து ஒண்ணாக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதுவரைக்கும் பாலத்துல மெதுவாப் போங்க.